கடிதத் தராசு

நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பதிவுத் தபால் என்றால் இவ்வளவு ஆகும் என்று
வாய்வரை வந்துவிட்டது, பழக்க தோஷம்.
மழையில் முகவரி கரைந்து வரும் உறைகளை
எந்தப் பையில் போடுவதென்று எனக்குத் தெரியும்.
தராசுத் தட்டில் கண் திறக்காமல் கிடந்த இதை
எதில் போடுவது?

தபால் வண்டி ஹாலன்
ஸ்வெட்டருக்குள்ளிருந்து எடுத்து வைத்தார்.
ஒரசோலை வளைவில், குழாய்க்குள்.
"இன்னும் ரெண்டு இருந்துச்சு மேடம்.
அதுங்களக் கேக்காதீங்க."
கேட்கவில்லை.
பையை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு
இரண்டு மணிக்கு, நான்கு மணிக்கு, ஆறு மணிக்கு
ஊசி இல்லாத ஊசிக்குழலில் பால்பொடிக் கரைசல்.
பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பிராந்தி பாட்டிலில்
வெந்நீர் நிரப்பி, கம்பளிக் காலுறை மாட்டி
அதன் முதுகுக்கு அண்டை கொடுத்தேன்.
(அந்த வீட்டுக்காரர் இன்னமும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.)
நனைந்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான்
மூத்திரம் போகும் என்பதை
நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.
முதல் சொட்டு விழுந்த அன்று
கட்டபெட்டு அஞ்சலகம்
பத்து நிமிடம் தாமதமாகத் திறந்தது.

பார்சல் என்று பெயர் வைத்தது ஹாலன்தான்.

தராசு கொள்ளாமல் வளர்ந்த பிறகு
கடிக்க ஆரம்பித்தது.
விளையாட்டுத்தான். ஆனால்
விளையாட்டு எங்கே முடிகிறதென்று அதற்குத் தெரியாது.
முத்திரை குத்தும் கையைப் பார்த்து
பென்ஷன் வாங்க வந்தவர்கள்
"ரோஜாச் செடியா?" என்றார்கள். ஆமாம் என்பேன்.
இரவில் அலமாரிக் கண்ணாடி முன் உட்கார்ந்து
தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும்.

குன்னூர் டாக்டர் செலஸ்டினா
என் கைக்கு மருந்து தடவியபடி சொன்னார்:
"வலிக்குதுன்னு நீங்க சொன்னா புரியாது.
ஒரு பூனை சொல்லணும்."

வெலிங்டன் குவார்ட்டர்ஸில்
ஹவில்தார் தேஷ்வாலுக்கு ஜோத்பூர் மாற்றல்.
கறுப்பு டிரங்குப் பெட்டிகளில்
வெள்ளைப் பெயிண்ட் காயவில்லை.
ஒரு காது கிழிந்த சாம்பல் பூனை
எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது.
"பேரு சுபேதார். வீட்டுல என்னைவிட மேல" என்றார்
அரைத் தமிழில்.
அவர் மனைவி கமலேஷ்
கூடையின் மூடியைத் தானே கட்டினாள்.
கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள்.

எட்டு நாள் கதவு சாத்தியே இருந்தது.
உள்ளே போய் "இதர் ஆவ்",
வெளியே வந்து "இங்க வா".
அவள் படுத்த துண்டை இதற்கும்
இது படுத்த துண்டை அவளுக்கும் மாற்றிப் போட்டேன்.
கதவிடுக்கில் இரண்டு பக்கமும் ஒரே மொழி: சீறல்.

ஒன்பதாம் நாள் பார்சல் பாய்ந்து
அவள் வாலைக் கடித்தது.
ஒரே அறை.
பிறகு தலைமேல் காலை வைத்து
அது அடங்கும்வரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்,
வரிசையில் நிற்பவர்களை நான் பார்ப்பதுபோல.

ஜனவரியில் உறைபனி விழுந்த ஓர் இரவு.
கரண்ட் இல்லை. கால்மாட்டில் கனம் இல்லை.
டார்ச் அடித்தேன்.
சுபேதாரின் வயிற்றில் முகம் புதைத்து
இல்லாத பாலைச் சப்பிக்கொண்டிருந்தது பார்சல்.
அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.
வெளிச்சத்தை அணைத்தேன்.
இரண்டாவது கம்பளியைத் தேடி எடுத்துப்
போர்த்திக்கொண்டேன்.

கை ஆறிவிட்டது.
இப்போதும் கடிக்கிறது, பல் பதியாமல்.

ஞாயிறுதோறும் கமலேஷ் கூப்பிடுகிறாள்.
அங்கே மணல். அங்கே வெயில்.
"சுபேதார்கிட்ட குடுங்க."
போனை நீட்டினால்
சுபேதார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்;
தேயிலைமேல் இறங்கும் மூடுபனியில்
அவளுக்கு ஏதோ வேலை இருக்கிறது.
பார்சல்தான் ஓடிவந்து
போனில் தாடையைத் தேய்த்துக் குறுகுறுக்கிறது.
"அவதான்! அதே சத்தம்!"
அந்தப் பக்கம் சிரிப்பு. அப்புறம் கொஞ்ச நேரம்
ஒன்றுமில்லை.

இருபத்தோரு வருட சர்வீஸில்
ஒரு கடிதத்தைக்கூட ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை நான்.

"ஆமா, அவதான்" என்றேன்.